முதலில் எச்சம், பிறகு மருந்து



நமது இதழில் வழக்கமாக வரி, எடை முத்திரை, உரிமம் புதுப்பித்தல் போன்ற விஷயங்களை எழுதுவோம். இம்முறை பறவை எச்சத்தைப் பற்றி எழுதப் போகிறேன். படிப்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். தினை விற்கிறவர், கம்பு விற்கிறவர், கூண்டு விற்கிறவர் எல்லோருக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. எச்சத்தின் அருமை நம் பக்கத்து மக்களுக்குப் புதிதும் அல்ல. வேடந்தாங்கல் ஏரியில் பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதைக் கண்டு, அந்தப் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள் அந்த ஊர் விவசாயிகள்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் இன்னொரு பெரிய கார் தொழிற்சாலை வந்தது. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர், வல்லம், மாத்தூர், ஒரகடம், படப்பை வரை வாடகைக் குடியிருப்புகள் பெருகின. ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள், குடும்பத்தோடு குடியேறியவர்கள், தனி அறையில் தங்கியவர்கள் என்று பலரும் நம் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வளர்த்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்க் கூண்டோடு வாங்கி வந்து விடுவார்கள். தீனிக்கு நம் கடைக்குத்தான் வருவார்கள். முன்பு பொங்கலுக்கும் விரதத்துக்கும் மட்டும் கேட்ட தினை, இன்று வருடம் முழுவதும் போகும் சரக்காகி விட்டது.

சரக்கு போனால் புகாரும் வரத்தான் செய்யும். "உங்க தினையைப் போட்டதிலிருந்து குருவி உப்பிக்கிட்டு உக்காந்திருக்கு", "தீனி தின்னுது, ஆனா நெஞ்செலும்பு கத்தி மாதிரி தெரியுது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நாமும் பெரிய வைத்தியர் மாதிரி, "புழுவாக இருக்கும், மருந்து கொடு" என்று சொல்லி அனுப்பி விடுவோம். நானும் பல வருடங்கள் அப்படிச் சொன்னவன்தான். அதன் பலனைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் செய்த தவறு

என்னிடம் இருபது வருடத்துக்கு மேலாகச் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறை வியாபாரி, ஒரகடம் பக்கத்துக் கிராமத்தில் கடை வைத்திருப்பவர். அவருடைய மகன் மொட்டை மாடியில் பதினோரு புறா வளர்த்தான். மழைக்காலத்தில் இரண்டு மூன்று புறாக்கள் மெலிந்து, எச்சம் தண்ணீராகப் போயிற்று. அப்பா சரக்கு எடுக்க வந்தபோது, "அண்ணாச்சி, இதுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டார். என் ஆடுகளுக்கு வாங்கி வைத்த குடற்புழு மருந்து அலமாரியில் இருந்தது. "தம்பி, இதை அரை மூடி தண்ணீரில் கலந்து வை, மூன்று நாளில் சரியாகிவிடும்" என்று பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பினேன். காசு வாங்கவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

பத்து நாளில் ஆறு புறாக்கள் செத்தன.

மிச்சம் இருந்த ஐந்தையும் கூடையில் வைத்து, நானே அந்தத் தம்பியோடு கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, மருந்து கொடுப்பதற்கு முன்னால் எச்சம் பார்த்தீர்களா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அந்த ஐந்து பறவைகளின் எச்சத்தை அவர் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்ததில் புழு முட்டை ஒன்றுகூட இல்லை. இருந்தது காக்சிடியா என்னும் வேறு ஒட்டுண்ணி. குடற்புழு மருந்தால் அது போகாது, அதற்குத் தனி மருந்து உண்டு. நான் கொடுத்தது ஃபென்பெண்டசோல். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்ல மருந்துதான். ஆனால் புறா இனத்துக்கு அது எலும்பு மஜ்ஜையையும் குடலையும் கெடுக்கக் கூடியது, அல்பெண்டசோலும் அப்படித்தான் என்று மருத்துவர் விளக்கினார். செத்த பறவைகளைப் புதைத்து விட்டதால் அறுத்துப் பார்த்து உறுதி செய்ய வழியில்லை. ஆயினும் இல்லாத புழுவுக்கு, ஆகாத மருந்தை, அளவு தெரியாமல் நான் கொடுத்தேன் என்பது உறுதி.

அந்தத் தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடுங்க அண்ணாச்சி, தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றார். ஆனால் அடுத்த இரண்டு மாதம் என் கடையில் சரக்கு எடுக்கவில்லை. பாக்கியைத் தீர்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். வாய்ச் சொல்லால் இழந்த நம்பிக்கையைத் தள்ளுபடி கொடுத்து மீட்க முடியாது என்பதை அப்போது தெரிந்துகொண்டேன். பிறகு ஒருநாள் காலை அந்த மருத்துவரிடமே போய், எச்சம் பார்க்கும் முறையைக் கற்றுக்கொண்டேன். பள்ளிப் படிப்பு மட்டும் உள்ள எனக்கே அது புரிந்தது. எனவே நம் எல்லோருக்கும் புரியும்.

உப்புத் தண்ணீரின் கணக்கு

விதைநெல் தேர்வு செய்யும் விவசாயியைப் பார்த்திருப்பீர்கள். கோழி முட்டை மிதக்கும் அளவுக்குத் தண்ணீரில் உப்பைக் கரைத்து அதில் நெல்லைக் கொட்டுவார். பதர் மிதக்கும், மணி பிடித்த நெல் அடியில் தங்கும். இந்தப் பரிசோதனையும் அதே தத்துவம்தான். இங்கே மிதந்து மேலே வருவது புழுவின் முட்டை. நிறைவாக உப்புக் கரைத்த நீர், சாதாரணத் தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்கு கனம் கூடுதல். பெரும்பாலான உருண்டைப் புழுக்களின் முட்டைகள் அதைவிட லேசானவை, எனவே மிதக்கும். சக்கையில் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். மனிதர்களின் கொக்கிப் புழு முட்டையைக் கண்டறிய வில்லிஸ் என்பவர் இந்த முறையை 1921-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதினார். நூறு வருடம் கழிந்தும் கால்நடை ஆய்வுக்கூடங்களில் இது நடைமுறையில் இருக்கிறது.

தேவையான பொருட்கள்: உப்பு, ஒருமுறை உபயோகித்து எறியும் சிறு கப், ஒரு தேநீர் வடிகட்டி, வாய் குறுகலான சிறிய கண்ணாடிக் குழாய், கண்ணாடி ஸ்லைடு, மெல்லிய கவர் ஸ்லிப், ஓர் உருப்பெருக்கி. ஹரியானா மாநிலம் அம்பாலாவில் தயாராகும் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பே போதுமானது. 100 மடங்கு பெரிதாகக் காட்டினால் சரி. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் மனு பிரகாஷ் என்பவரின் குழு, ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித உருப்பெருக்கியை உருவாக்கியிருக்கிறது. அது சுமார் 140 மடங்கு காட்டும், சட்டைப் பையில் அடங்கும்.

இந்தச் சாமான்கள் எதையும் சமையலறைக்குத் திரும்ப எடுத்துப் போகக் கூடாது. வடிகட்டி இதற்கென்றே தனியாக இருக்க வேண்டும்.

செய்முறை

முதல் நாள் சாயங்காலம் கூண்டின் அடித்தட்டில் சுத்தமான தாள் விரிக்கவும். மறுநாள் காலையில் புதிய எச்சத்தை எடுக்கவும். மண்ணில் கிடந்தது, காய்ந்தது, தீனி கலந்தது வேண்டாம். எச்சத்தில் மூன்று பகுதி உண்டு. கருமையாகவோ பச்சையாகவோ சுருண்டிருப்பது மலம், வெள்ளையாக இருப்பது சிறுநீரின் உப்பு, தெளிவாக இருப்பது நீர். நமக்கு வேண்டியது மலப்பகுதி. புழு தினமும் ஒரே அளவில் முட்டை இடுவதில்லை. ஆகவே மூன்று நாள் தொடர்ந்து எடுத்துப் பார்ப்பது நல்லது.

கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் உப்பைப் போட்டுக் கலக்கவும். அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் தங்க வேண்டும். தங்கினால்தான் நிறைவாகக் கரைந்தது என்று அர்த்தம். ஆறியபின் மேலே தெளிந்ததை வடித்து வைத்துக்கொள்ளவும்.

ஒரு பட்டாணி அளவு எச்சத்தைக் கப்பில் இட்டு, மூன்று டீஸ்பூன் உப்பு நீர் விட்டு நன்றாகக் கரைத்து வடிகட்டவும். வடித்ததைக் கண்ணாடிக் குழாயில் விளிம்பு வரை ஊற்றி, கடைசியில் சொட்டுச் சொட்டாக விட்டால் நீர் விளிம்புக்கு மேல் சற்று மேடாக நிற்கும். அதன்மேல் கவர் ஸ்லிப்பை மெதுவாக வைக்கவும். பதினைந்து முதல் இருபது நிமிடம் அசைக்காமல் விடவும். மிதந்து வரும் முட்டைகள் அந்தக் கண்ணாடியில் ஒட்டும். பிறகு கவர் ஸ்லிப்பை நேராக மேலே தூக்கி, ஸ்லைடு மேல் வைத்து உடனே பார்க்க வேண்டும். தாமதித்தால் உப்பு கட்டியாகி, முட்டையும் சுருங்கிப்போகும். ஒரு மூலையில் தொடங்கி, உழவு ஓட்டுவது போல வரிவரியாக முழுவதையும் பார்த்து முடிக்கவும்.

கண்ணில் படுவது என்ன?

உருண்டைப் புழுவின் முட்டை நீள்வட்டமாக, வழவழப்பான தடித்த ஓட்டோடு இருக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. கேபிலேரியா என்னும் மயிர்ப்புழுவின் முட்டை இருபுறமும் மூடி போட்ட பீப்பாய் போல இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. காக்சிடியா இவற்றைவிடச் சிறியது, வட்டமாகவோ சற்று நீண்டோ இருக்கும். பழகாத கண்ணை அதிகம் ஏமாற்றுவது காற்றுக் குமிழி. விளிம்பு கறுப்பாகத் தடித்து, அச்சில் வார்த்த வட்டமாக இருந்தால் அது குமிழி. மகரந்தத் தூள், தானியத்தின் மாவுத்துகள், பேன் வகைகளின் முட்டை ஆகியவையும் கண்ணில் படும். சந்தேகம் இருந்தால் கைபேசியின் கேமராவை உருப்பெருக்கியின் கண்பகுதியில் பொருத்திப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டலாம்.

நாடாப்புழு பெரும்பாலும் இந்தச் சோதனையில் அகப்படாது. அதன் துண்டுகள் அரிசி போல எச்சத்தோடு வரும், அவற்றை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டைப்புழுவின் முட்டை கனமானது, உப்பு நீரில் மிதக்காது. தொண்டையிலும் குடலிலும் நெளியும் நுண்ணுயிர்கள் சிலவற்றைச் சூடு ஆறாத எச்சத்தில் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே முட்டை தெரிந்தால், புழு இருக்கிறது. தெரியாவிட்டால், புழு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. குஞ்சுப் புழு முட்டை இடாது. அது வளர்ந்து முட்டை இட ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். மூன்று வாரம் கழித்து மறுபடி பார்ப்பதே முறை. பறவை தீனி எடுக்காமல், உப்பி, கூண்டின் அடியில் உட்கார்ந்துவிட்டால் பரிசோதனை செய்துகொண்டிருக்க நேரமில்லை. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அதற்கு முன் நம் பகுதி அரசு கால்நடை மருந்தகத்திலும் விசாரிக்கலாம்.

ஆட்டு அளவும் குருவி அளவும்

லவ் பேர்ட்ஸ் என்று நாம் விற்பதும் வாங்குவதும் உண்மையில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜரிகர் என்னும் சிறுகிளி. அதன் எடை 35 கிராம் அளவு. நம் ஆடு 20 கிலோ என்றால், ஓர் ஆட்டின் எடைக்கு 570 குருவிகள் வேண்டும். ஆட்டுப் பாட்டிலின் மூடியை வைத்து இதற்கு அளவு சொல்வது, லாரி எடைமேடையில் பவுன் நிறுப்பது போன்றது. கடைத் தராசில் ஐந்து கிராம் பிசகு வந்தால், அரிசி மூட்டைக்கு அது கணக்கே அல்ல. குருவிக்கு அது ஏழில் ஒரு பங்கு. தண்ணீரில் கலந்து வைத்தாலோ, எது எவ்வளவு குடித்தது என்பதே தெரியாது. எனவே மருந்தின் பெயரும் அளவும் மருத்துவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். "வருஷத்துக்கு நாலு தடவை புழு மருந்து கொடு" என்று பொதுவாகச் சொல்வதும் தவறு. தேவையில்லாத மருந்து பறவைக்குச் சுமை. புழுவுக்கும் அந்த மருந்து பழகிப்போகும்.

நாம் விற்கக் கூடியது சுத்தம்

உருண்டைப் புழுவின் முட்டை, எச்சத்தோடு விழுந்தவுடன் நோய் பரப்பாது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் இரண்டு வாரம் போல் ஆகி, அதற்குள் கரு வளர்ந்த பிறகுதான் அது இன்னொரு பறவைக்குத் தொற்றும். இந்த இரண்டு வாரத்தை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள். தினமும் தாளை மாற்றி, வாரம் ஒருமுறை தட்டைக் கொதிநீர் விட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தால், முட்டைக்கு அந்த அவகாசமே கிடைக்காது. ஃபினாயிலை மட்டும் நம்ப வேண்டாம். முட்டையின் ஓடு அதற்கு எளிதில் அசையாது, சூடுதான் அதற்கு எமன். கம்பி வலை அடித்தட்டு உள்ள கூண்டில், எச்சம் கீழே விழுந்து பறவையின் காலுக்கு எட்டாமல் இருந்தால் தொல்லை குறைவு. மண் தரையில் விட்டு வளர்க்கும் புறாவுக்கும் கோழிக்கும்தான் ஆபத்து அதிகம், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில். புதிதாக வாங்கிய பறவையை ஒரு மாதம் தனிக் கூண்டில் வைத்து, இரண்டு முறை எச்சம் பார்த்த பிறகு மற்றவற்றோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

நம் பங்கும் இருக்கிறது. தினையில் புழு தானாக உண்டாவதில்லை. ஆனால் குடோன் கூரையில் புறா அடைந்து, திறந்த மூட்டையில் எச்சம் இட்டால், அந்தத் தீனி வழியாக முட்டை போகலாம். நாடாப்புழு வண்டு, எறும்பு, ஈ ஆகியவற்றின் வழியாகத் தொற்றும். வண்டு விழுந்த தானியத்தைப் "பறவைக்குத்தானே" என்று தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட வேண்டும். மூட்டையை மூடி வைப்பதும், குடோன் ஜன்னலுக்கு வலை அடிப்பதும் பெரிய செலவு அல்ல.

மனிதர் பாதுகாப்பும் முக்கியம். பறவையின் உருண்டைப் புழு மனிதர் உடலில் குடியேறுவதில்லை. ஆனால் எச்சத்தின் தூசியில் வேறு கிருமிகள் இருக்கலாம். 1929-30-இல் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் போன கிளிகள் மூலம் கிளிக்காய்ச்சல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவி, உயிர்ச்சேதம் ஏற்பட்டது. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து அள்ள வேண்டும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவ வேண்டும். சிறுபிள்ளைகளை இந்த வேலையில் விட வேண்டாம்.

சட்டத்தையும் நினைவில் வைப்போம். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உயிருள்ள பறவைகளை விற்கும் கடை, 2018-ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கால்நடை மருந்தும் மருந்துதான். உரிமம் இல்லாத மளிகைக் கடையில் அதை வைத்து விற்கக் கூடாது.

நிறைவாக, சகோதர வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பறவைத் தீனி விற்கும் கடைகள் சேர்ந்து, கடைவீதிக்கு ஓர் உருப்பெருக்கி வாங்கி வைக்கலாம். ஒரு கால்நடை மருத்துவரை அழைத்து அரை நாள் பயிற்சி கேட்கலாம். அது முடியாவிட்டாலும், "புழுவாக இருக்கும்" என்ற வார்த்தையை மட்டும் நிறுத்துவோம். அதற்குப் பதில், "மூன்று நாள் எச்சம் எடுத்து வாருங்கள், பார்ப்போம்" என்று சொல்லுவோம். சரக்கைத் தரம் பார்க்காமல் விலை சொல்லாத நாம், எச்சத்தைப் பார்க்காமல் மருந்து சொல்வது நியாயமா?

அந்த ஒரகடத்துத் தம்பி இப்போது மறுபடி என்னிடம்தான் சரக்கு எடுக்கிறார். மகன் புதிதாக நான்கு புறா வாங்கியிருக்கிறான். அவற்றை மாடியில் தனிக் கூண்டில் வைத்துவிட்டு, தேதி எழுதிய மூன்று சிறிய டப்பாக்களை அப்பாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். அன்று சரக்குச் சீட்டு எழுதுவதற்கு முன், அந்த டப்பாக்களைத்தான் முதலில் வாங்கி வைத்தேன்.